பாக்கெட் அக்கா பார்க்காத பை

"பாக்கெட்டைப் பாத்தியா?"

கையில் இஸ்திரிப்பெட்டியோடு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டாள். கேள்வி ஒன்றும் புதிதில்லை. அம்மா வேலை செய்கிற இடத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவள் அம்மாதான். அன்றைக்கு அதை வீட்டில், என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக வேலை. அது கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மேலே இருக்கும் வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டியில் வரும். டாக்டர் கோட்டு, நர்ஸ் சட்டை, நோயாளி அங்கி என்று பிரித்து, எது எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று தள்ளிவிடுவது அம்மாவின் வேலை. தள்ளுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பேனா உள்ளே போனால் போதும், நாற்பது கோட்டு நீலமாகிவிடும். பேனா, மாத்திரை, சாவி, சில்லறை, கசங்கிய நோட்டு எல்லாம் அவள் கையில் அகப்பட்டிருக்கின்றன. ஒரு முறை முழுப் பல்செட் ஒன்று கிடைத்ததாம். கிடைத்தது எதுவானாலும் சீட்டு ஒட்டி சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தருவது ஒன்றுதான்: "பாக்கெட்டைப் பாத்தியா?" அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் பாக்கெட் அக்கா. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு யார் என்று தெரியாது.

அப்பா எங்களை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. வீட்டில் அம்மா, நான், வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் மாமா.

மாமா அம்மாவுக்குத் தம்பி. பதினொரு வயது இளையவர். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதிலிருந்து அம்மாதான் வளர்த்தாள். வளர்ந்ததும் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனார். தெருவில் அவர் பெயர் "கப்பல்". லீவில் வந்தால் முன்னறைக் கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தூங்குவார். எழுந்ததும் பையைக் கவிழ்த்து, துறைமுகங்களில் மிச்சமான சில்லறை நோட்டுகளை மேஜையில் போடுவார். அவ்வளவு சின்ன நோட்டுகளை எந்த ஊரிலும் மாற்றித் தர மாட்டார்களாம்.

"அக்கா, பிடி. நீ இப்ப கோடீஸ்வரி."

"இதை வச்சு ஒரு தீப்பெட்டி வாங்க முடியுமாடா?"

"முடியும். கப்பல் ஏறி ஆறு நாள் போகணும். போனாலும் முழுப் பெட்டி தர மாட்டான். நாலு குச்சி தருவான்."

அம்மா அவற்றையெல்லாம் பட்டன் போட்டுவைக்கும் தகர டப்பாவில் அமுக்கிவிடுவாள். யாரும் சேர்த்துவைக்கவில்லை. குப்பையில் போட மனசு வராமல் டப்பாவில் போட்டதுதான்.

கடைசியாக மாமா போன் செய்தபோது அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலை வாரினாள்.

"அக்கா, இந்தத் தடவை உனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்."

"என்னடா, இன்னொரு தீப்பெட்டியா?"

"டப்பால போடற சாமான் இல்ல. பாத்தா நீயே சொல்லுவே."

"சரி, வந்து குடு. மணி ஆச்சு, வைக்கிறேன்."

ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பிற்பாடு போனில் எடுத்துப் பார்த்தேன்.

பதினொரு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பேசினார்கள். கப்பலில் காய்ச்சல் வந்து, கரையில் இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்றாம் நாள் போய்விட்டார். உடம்பைக் கொண்டுவர நாளாகும், அங்கேயே அடக்கம் செய்யட்டுமா என்று கேட்டார்கள். அம்மா "சரி" என்றாள். இன்னும் ஏதோ கேட்டார்கள். அதற்கும் "சரி" என்றாள். போனை வைத்துவிட்டு அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள். அது பொங்கவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷர். "நாலு நாள் லீவு எடுத்துக்குங்கக்கா" என்று சொன்னாராம்.

"வீட்ல என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். வீட்டில் எனக்கும் கால் நிற்கவில்லை. தட்டச்சு வகுப்புக்கு நாலு நாள் போய் நின்றேன், துணிக்கடையில் ஒரு வாரம் நின்றேன். மற்ற நேரம் தெருத் தெருவாகச் சும்மா நடந்தேன். அழுகை எனக்கும் வரவில்லை. வாயில் மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் நம்முடையது மாதிரி இருக்காதே, அப்படி இருந்தது வீடு.

மூன்று வாரத்தில் மாமாவின் பை வந்தது. நீலக் கேன்வாஸ் பை. கூடவே என்னென்ன இருக்கிறது என்று டைப் அடித்த ஒரு தாள். அன்று பெரியம்மாவும் வந்து தங்கியிருந்தாள். பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. அவளுக்கு நாக்கு ஒரு முழம்.

அம்மா ஜிப்பை இழுத்துத் திறந்தாள். "வெள்ளை எல்லாம் தனியா எடுடி" என்றாள். நான் ஆறு சட்டைகளை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி மெஷினில் போட்டாள். நான் நீட்ட, அவள் போட, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஏண்டி, வந்ததும் வராததுமா துவைக்கணுமா? கூடப்பொறந்தவன் சட்டை. ஒரு தடவை மூஞ்சில ஒத்திக்கக் கூடாதா?"

"அழுக்கா இருக்கு."

"உனக்கு நெஞ்சுல என்ன இருக்கு, கருங்கல்லா? இன்னும் ஒரு சொட்டு அழல நீ."

"அழுக்கா இருக்குக்கா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அம்மா பவுடரை அளந்து போட்டாள்.

துவைத்து, மாமாவுக்குப் பிடித்த மாதிரி மொடமொடவென்று கஞ்சி போட்டு, கொடியில் உலர்த்தினாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தாள். சட்டை ஆறு, கால்சட்டை நாலு, ஷேவிங் செட்டு, செருப்பு, சார்ஜர், பெல்ட்டு. விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். அவளுக்கென்று வைத்திருந்த ஒன்று என்ன என்று தேடுகிறாள் என எனக்குப் புரிந்தது. பையைக் கவிழ்த்து உதறினோம். மணல்தான் கொட்டியது.

மறுநாள் காலை சட்டைகளைத் தேய்த்தாள். நாலாவது சட்டையில் நெஞ்சுக்கு உள்பக்கம் பட்டன் வைத்த பை ஒன்று இருந்தது. இஸ்திரிப்பெட்டி அதன் மேல் ஏறி இறங்கியது. அம்மாவின் கை நிற்கவில்லை. மேடு அமுங்கட்டும் என்று இன்னும் அழுத்தி இரண்டு தடவை தேய்த்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். அப்போதுதான் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பாக்கெட்டைப் பாத்தியா?"

பட்டனைக் கழற்றி வெளியே எடுத்தால், பிஸ்கட் மாதிரி ஒரு கட்டி. நாலைந்து நோட்டுகள் ஒன்றாக மடிந்து, கஞ்சியில் ஊறி, சூட்டில் இறுகிப்போயிருந்தன. மேலே பழுப்பு நிறத்தில் தெரியாத ஊர் நோட்டு. ஓரத்தில் பிளாஸ்டிக் நோட்டு ஒன்று சுருண்டு தெரிந்தது. சில நாடுகளில் நோட்டையே பிளாஸ்டிக்கில் அடிக்கிறார்கள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மாமா சொன்னது அதற்குள்தான் இருக்க வேண்டும். வேறு எங்கேயும் இல்லை.

"கத்தியை விட்டு நெம்பு" என்றாள் பெரியம்மா.

அம்மா நெம்பவில்லை. காலியான சோப்பு டப்பாவில் அதை வைத்து மூடினாள். அடுத்த நாளிலிருந்து அந்த டப்பா அவளோடு வேலைக்குப் போய் வந்தது. விஷயம் தெரிந்ததும் சலவைப் பிரிவில் ஒரு பெண், "நம்ம பாக்கெட் அக்காவா பாக்காம போட்டாங்க?" என்று சிரித்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டாளாம். அம்மா எனக்கு அதைச் சொன்னாள், பஸ் தாமதமாக வந்ததைச் சொல்கிற குரலில்.

என் கால்களுக்கு வேலை கிடைத்தது. அந்தக் கட்டியைப் பிரிக்க யாராலாவது முடியுமா என்று கேட்டுக்கொண்டு அலைந்தேன். புத்தகம் பைண்டிங் செய்கிறவர் ஆவி காட்டச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர், "அப்படியே லேமினேஷன் பண்ணித் தரவா?" என்றார். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மட்டும் யோசித்துப் பதில் சொன்னாள். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. நூலகத்து மாடியில ஞாயித்துக்கிழமை நோட்டு சேக்கறவங்க கூடுவாங்க. அங்க கேட்டுப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். நீள மேஜைகள். பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஆல்பம், பூதக்கண்ணாடி, சின்ன இடுக்கி. யாரும் பணத்தைப் பார்க்கிற மாதிரி நோட்டைப் பார்க்கவில்லை. குழந்தைக்குக் காது குத்துகிற இடம் மாதிரி எல்லோரும் குனிந்திருந்தார்கள். ஒல்லியாக, வெள்ளை மீசையோடு ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். அவர் பல் டாக்டர். பக்கத்தில் இருந்தவர் டாக்ஸி ஓட்டுகிறவர்.

அம்மா சோப்பு டப்பாவைத் திறந்து காட்டினாள்.

பல் டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "துவைச்சீங்களா?"

"ஆமா."

"இஸ்திரி?"

"போட்டேன்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்ஸிக்காரர், "பாத்தும்மா, இவர்கிட்ட குடுத்தா வேரோட பிடுங்கிடுவாரு" என்றார். பல் டாக்டர் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"கோந்து ஏதாவது பட்டுச்சா?"

"கஞ்சி. நான் போட்டதுதான்."

"நல்லதாப் போச்சு. கோந்துன்னா கஷ்டம். கஞ்சி தண்ணிக்கு வழிவிடும். இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, அதுவா விடற வரைக்கும் காத்திருக்கணும். ஆனா அந்தப் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கு பாருங்க, அங்க மட்டும் நான் வாக்குத் தர முடியாது. குடுத்துட்டுப் போங்க, நானே பண்ணித் தரேன்."

அம்மா டப்பாவை மூடினாள். "நானே பண்ணிக்கறேன் சார். தண்ணி என் வேலை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ முதல்ல வேற நோட்டுல பழகுங்க" என்றார். டாக்ஸிக்காரரிடம் மலிவான வெளிநாட்டு நோட்டுகள் ஒரு கட்டு இருந்தது. அதிலிருந்து மூன்றை ஒரு டீ விலைக்குக் கொடுத்தார். அம்மா வாழ்க்கையில் காசு கொடுத்து வாங்கிய முதல் செல்லாத நோட்டுகள் அவைதான்.

வீட்டுக்கு வந்து அந்த மூன்றையும் மடித்து, கஞ்சியில் நனைத்து, இஸ்திரி போட்டாள். பிறகு தண்ணீரில் போட்டாள். அவசரப்பட்டதில் முதல் தடவை ஒன்று கிழிந்தது. அடுத்த ஞாயிறு இன்னும் நாலு வாங்கினாள்.

பெரியம்மா தெரு முழுக்கச் சொன்னாள்: "நல்ல பணத்தைக் குடுத்து செல்லாத பணத்தை வாங்குறா என் தங்கச்சி. வாங்கி என்ன பண்றாள்னு கேளுங்க. கஞ்சி போட்டுத் துவைக்கிறாளாம்!"

ஐந்து ஞாயிறு இப்படிப் போனது. பழகுவதற்குப் போன இடத்தில் அம்மா மற்றதையும் கேட்டுக்கொண்டாள். நோட்டை நடுவில் பிடிக்கக் கூடாது, ஓரத்தில் பிடிக்க வேண்டும். கிழிந்தால் டேப் ஒட்டக் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. வாடை அடிக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டால், சில வருடத்தில் அந்தக் கவரே நோட்டைக் கெடுத்துவிடும். எந்த நோட்டாக இருந்தாலும் வரிசை எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்க்க யாராலும் முடியாது, ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பல் டாக்டர். அவர் பறவை படம் போட்ட நோட்டுகள் மட்டும் சேர்க்கிறார். நல்ல ஆல்பம் எது என்று கேட்டதற்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பை. அம்மா அதைப் புரட்டினாள். ஒவ்வொரு பையிலும் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

ஆறாவது ஞாயிறு நாங்கள் நூலகத்துக்குப் போகவில்லை. அம்மா மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாள். ஒரு எனாமல் தட்டு. கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவைத்த தண்ணீர். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுவது என் வேலை. கட்டியைத் தண்ணீரில் விட்டாள். அது கல் மாதிரி அடியில் கிடந்தது.

முதல் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் கொஞ்சம் கலங்கியது. கஞ்சி விட்டது. மேலே இருந்த பழுப்பு நோட்டின் ஒரு மூலை தானாக எழும்பியது. அம்மா தொடவில்லை. தட்டை மட்டும் லேசாக ஆட்டினாள், குழந்தையைத் தூளியில் ஆட்டுவதற்கும் குறைவாக. அது முழுதாகப் பிரிந்து மிதந்தபோது கீழே கையைக் கொடுத்துத் தூக்கித் துணியில் கிடத்தினாள். இரண்டாவது நோட்டு. மூன்றாவது. எல்லாம் மாமா எப்போதும் கொண்டுவருகிற சில்லறை நோட்டுகள். ஒரு தலைவர், ஒரு பாலம், ஒரு மாடு.

மிச்சம் இரண்டு. பிளாஸ்டிக் நோட்டும், அதோடு முகத்தோடு முகம் ஒட்டிய ஒரு பச்சைக் காகித நோட்டும். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மூன்று பக்கம் விட்டுவிட்டது. ஒரு காசு அளவு இடம் மட்டும் விடவில்லை.

"டாக்டர்கிட்ட கொண்டு போலாம்மா" என்றேன்.

"இன்னொரு தண்ணி மாத்து."

மாற்றினேன். மெல்லிய கண்ணாடித்தாளை இடையில் விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மா நகர்த்தினாள். சத்தமே வரவில்லை. பச்சை நோட்டு தனியாக வந்தது.

அதில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தாள். காலடியில் துணிக்கூடை. இரண்டு கைகளிலும் ஒரு துணியைப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். துணியிலிருந்து விழுகிற நாலு சொட்டுத் தண்ணீரைக்கூட வரைந்திருந்தார்கள். முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் தெரிந்தது. அது பிளாஸ்டிக் நோட்டில், தலைகீழாக, அழுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"நல்லா முறுக்கிப் பிழியறா" என்றாள்.

பிறகு தட்டைக் கழுவி வைத்தாள்.

அடுத்த வாரம் பல் டாக்டரிடம் காட்டினோம். "இவ்வளவு வந்ததே பெரிசு" என்றார். டாக்ஸிக்காரர் எட்டிப் பார்த்து, "அட, இதா? அந்த ஊர்ல கால் வச்சா கடைக்காரன் மிச்சம் குடுக்கறதே இந்த நோட்டுதான்" என்றார். பல் டாக்டர் அவர் காலை மேஜைக்கடியில் மிதித்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவும் பார்த்தாள்.

அப்படியானால் அதுதான் மாமா வைத்திருந்ததா, இல்லை மிச்சம் வாங்கிய சில்லறையா? பட்டன் போட்ட பையில் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் கூடவே மாடும் பாலமும் இருந்தனவே. அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

பல் டாக்டர் தன் பெட்டியில் துழாவி அதே நோட்டு ஒன்றை எடுத்தார். மடிப்பே இல்லாத புதுசு. "என்கிட்ட ரெண்டு இருக்கு. இதை வச்சுக்குங்க. காசு வேணாம்."

அம்மா அதை ஓரத்தில் பிடித்து வாங்கினாள். முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னை மாதிரி இருக்காளாடி?"

நானும் பார்த்தேன். "மூக்கு உன் மூக்கு இல்லம்மா."

"வேற?"

"கோவமா இருக்கா. அது நீதான்."

டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டார். அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அம்மா பட்டன் டப்பாவிலிருந்த நோட்டுகளை எல்லாம் எடுத்து, எண் எழுதி, ஆல்பத்தில் போட்டுவிட்டாள். யாராவது வேலை செய்கிற படம் இருக்கும் நோட்டுகளை மட்டும் இப்போது தேடுகிறாள். மீன் வலை இழுக்கிறவர், தறி நெய்கிறவர், கல் உடைக்கிறவர் என்று பத்தொன்பது சேர்ந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் முகம் இல்லாத பெண். அதன் கீழே பையில் அந்தப் பிளாஸ்டிக் நோட்டு. பெரியம்மா வரும்போதெல்லாம் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இத்தனை பேர் வேலை செய்யறாங்க, ஒருத்தியும் அழக் காணோம்" என்று குத்திவிட்டுப் போகிறாள். போன வாரம் வந்தபோது அவளே ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். யாரிடமோ கேட்டு வாங்கினாளாம். ஒரு பெண் மாவு இடிக்கிற படம். மேஜையில் வைத்துவிட்டு, "கஞ்சி போட்டுடாதே" என்றாள்.

அம்மா எப்போதாவது அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லாத பதிலையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பார்க்கவில்லை அம்மா. சட்டையை எடுத்து நீட்டினவள் நான். என் விரலில் அந்த மேடு பட்டிருக்கும். நான் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். முக்கியமாக, ஊர் போய்த் திரும்பாதவர் பை ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், அந்த வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். துவைப்பதற்கு முன்னால் உள்பையில் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் துவைத்துவிட்டால், கத்தியை எடுக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுக் காத்திருக்கலாம் என்று சொல்லுங்கள். யாராவது கேட்டால், பாக்கெட் அக்கா சொன்னதாகச் சொல்லுங்கள்.